கதிரவெளியில் ஒன்பது அடிக் கிணறு

நாகரெத்தினம் மாவட்டச் செயலகமான கச்சேரியில் முப்பத்தொரு வருடம் கட்டட வேலைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எதிர்மேசையில் இருந்த நானும் ஓய்வு பெற்றுப் புளியந்தீவில் பேப்பர் வாசித்துக்கொண்டு கிடந்தேன். அந்த மனுசனுக்கோ வீட்டில் கால் தரிக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு மாவட்டம் முழுக்க வீடு கட்டினார்கள். கட்டிய இடமெல்லாம் பிணக்கும் முளைத்தது. சுவர் வெடித்தது யாரால், கூரை ஒழுகுவது யாரால் என்று வேலையை ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரரும் காசு கொடுத்த உதவி நிறுவனங்களும் இழுபட்டபோது, இரு பக்கமும் நம்புகிற ஆள் என்று இவரைக் கூப்பிட்டார்கள். கோட்டுக்குப் போனால் பேரப்பிள்ளை காலத்தில்தான் தீர்ப்பு வரும். இவர் மத்தியானச் சோற்றுக்கு முன் முடித்துவிடுவார்.

அவருடைய வித்தை ஒன்றும் பெரிய வித்தையல்ல. இரு பக்கமும் கேட்பார், நடுவில் கோடு போடுவார். சொன்னதை ஒருநாளும் மாற்றியதில்லை என்ற தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் கதிரவெளியிலிருந்து அழைப்பு வந்தது. துணைக்கு நானும் போனேன். சுனாமியில் வீட்டை இழந்து, பிறகு ஷெல்லடியில் ஊரையே விட்டோடித் திரும்பி வந்தவள் சீதேவிப்பிள்ளை. அவளுக்கு ஒரு நிறுவனம் வீடும் கிணறும் கட்டிக்கொடுத்தது. ஒப்பந்தத்தில் கிணறு பதினைந்து அடி. ஓட்டமாவடிக் கொந்தராத்துக்காரர் ஹலீம் ஒன்பது அடியில் நிறுத்திவிட்டார்.

"பதினைஞ்சு அடி தோண்டாட்டி இவரப் பதிவிலருந்து வெட்டத்தான் வேணும் சேர்," என்றார் நிறுவனத்துப் பொறியியலாளர் சதீஸ்குமார்.

"அந்தப் புள்ள தோண்ட விடுதில்லயே சேர், நான் என்ன செய்ய?" என்றார் ஹலீம்.

நாகரெத்தினம் சதீஸ்குமாரிடம் கிணற்று வரைபடத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு வழக்கம்போல, "பன்னிரண்டு அடி. ரெண்டு பேருக்கும் சரிதானே?" என்றார். இருவரும் தலையாட்டினார்கள்.

சீதேவிப்பிள்ளை கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஐயா, இது கடற்கரை மண். மேல நல்ல தண்ணி, கீழ உப்பு. இதுக்குக் கீழ தோண்டினா உப்பு ஏறிரும். பன்னிரண்டு எண்டாப் பாதி உப்புத்தான் வருமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நாகரெத்தினத்தின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. வரைபடத்தை என்னிடம் நீட்டினார். வாவிக்கு அப்பால், படுவான்கரை வயல் ஊர்களுக்கென்று கச்சேரியில் என் கண்முன்னே அவரே கீறிய படம். பிரதிக்குப் பிரதி எடுத்ததில் அவர் பெயர் அழிந்துபோயிருந்தது. நானாக இருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு வந்திருப்பேன்.

அவர் பேனையை எடுத்தார். "ஒன்பது அடி போதும். பதினைந்து என்று கீறியவன் நான். இந்த மண்ணுக்கு அது பிழை." எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்.

சதீஸ்குமார் அதை இரண்டாந்தரமும் வாசித்தார். "சேர், இதே படத்த வச்சுப் பக்கத்து ஒழுங்கையில நாலு கிணறு முடிச்சிட்டம். ஆக்கள் இன்னும் குடிவரல்ல."

நாகரெத்தினம் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நாலு கிணற்றிலும் அள்ளி வாயில் வைத்தார். நாலும் உவர். கடைசிக் கிணற்றடியில் அப்படியே குந்திவிட்டார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அந்த நாலு வீட்டுக்கும் ஆட்கள் குடிவரும் நாளை விசாரித்து, அன்று காலை முதல் பஸ்ஸில் போனார். போக வேண்டாம் என்று நான் மறித்தும் கேட்கவில்லை. முதலில் வந்தவள் அன்னப்பூரணி. சாமான் இறக்கிய கையோடு கிணற்றடிக்கு வந்து, "நீங்க ஆர் ஐயா, நிறுவனத்து ஆளா?" என்று கேட்டாள்.

"இல்ல புள்ள," என்றார். "உங்கட கிணத்தப் பழுதாக்கினவன்."