நீல் தீவுக்குத் தனியாகப் போன மிக்கேலம்மாள்

மிக்கேலம்மாளுக்குக் கடல் புதிதல்ல. அதியமான்கோட்டையிலிருந்து வேன் பிடித்து வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். கால் நனைக்கலாமென்று இறங்கினால் கூட்டத்தில் யாராவது பிள்ளையைத் தொலைத்துவிடுவார்கள். தேடுவதிலேயே பொழுது போய்விடும். ஆளில்லாத கடல் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை மூட்டியவர்கள் அவளுடைய பஸ் சிநேகிதிகள்தான்.

பாலக்கோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் நர்ஸ். தருமபுரியிலிருந்து காலை பஸ்ஸில் போவாள். துணிக்கடை கேஷியர் கண்ணம்மாளும் பள்ளி ஆசிரியை சோபனாவும் அதே பஸ்தான். பல வருடங்களாக மூவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒருத்தி டப்பாவிலிருந்து இன்னொருத்தி எடுத்துத் தின்று, பிரசவம், கல்யாணம், சாவு எல்லாவற்றையும் பேசித் தீர்த்தவர்கள். ஒருநாள் சோபனா போனில் அந்தமானின் நீல் தீவைக் காட்டினாள்.

"நாம மூணு பேரு மட்டும் போலாங்க்கா. புருசனும் வேணாம், புள்ளைங்களும் வேணாம்."

தங்குவதற்கு ஒரு வீட்டையும் அவளே பார்த்துவைத்து, அதன் நம்பரை மற்ற இருவருக்கும் அனுப்பினாள்.

அந்த வருடம்தான் மிக்கேலம்மாளின் கணவர் இன்னாசிராஜ் மாரடைப்பில் இறந்துபோனார். அதன்பின் கடல் பேச்சை யாரும் எடுக்கவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்த சில நாளில் சோபனா பதற்றமாகப் போன் செய்தாள். மாசமாக இருந்த அவள் மகள் காவியாவுக்கு ரத்தப்போக்காம். பெங்களூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம்.

"கண்ணம்மாக்காவைத் துணைக்குக் கூட்டிட்டுப் போறேங்க்கா."

"நானும் வர்றேன் சோபனா. நர்ஸு ஒருத்தி கூட இருந்தா நல்லதுதானே?"

"வேணாங்க்கா. உங்களுக்கு இருக்கிற வேதனையே போதும்."

மிக்கேலம்மாள் அந்த வாரம் முழுக்கச் சோறு ஒருவேளைதான் சாப்பிட்டாள். வேலை முடிந்ததும் கோவிலுக்குப் போய் மாதா முன்னால் முழங்காலில் நின்றாள். புருஷனைத்தான் காப்பாற்றிக் கொடுக்கவில்லை, இந்தப் பெண்ணையாவது காப்பாற்று என்று அழுதாள். இருவரும் திரும்பி வந்து, ஆபத்து நீங்கிவிட்டது என்றபோது நன்றிப் பூசைக்கும் சொல்லிவைத்தாள். பின்னால் காவியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மிக்கேலம்மாள் அவனைத் தன் ஜெபத்தின் பிள்ளை என்றே நினைத்துக்கொண்டாள்.

வருடம் திரும்பியதும் அவளே கடல் பேச்சை ஆரம்பித்தாள். சோபனாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கண்ணம்மாளுக்கு முட்டிவலி. மாதம் மாதமாகத் தள்ளிப்போனது. கடைசியில் ஓசூரில் வேலையில் இருந்த மகன் மரிய ஆனந்திடம் டிக்கெட் போடச் சொன்னாள்.

"தனியாவாம்மா?"

"பஸ்ஸுல தனியா போறதில்லயா? அது மாதிரிதான்டா."

சென்னையில் விமானம் ஏறி, போர்ட் பிளேரில் இறங்கி, கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே நீல் தீவு போய்ச் சேர்ந்தாள். வாந்தியெல்லாம் அந்தத் தண்ணீரைக் கண்டதும் மறந்துபோனது. கீழே கிடக்கும் கல் தெரிகிற கடல். சாயங்காலம் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்க, பாறைக் குழிகளில் சின்னச் சின்ன நீல மீன்கள் தங்கிவிட்டிருந்தன. கண்ணுக்கு எட்டியவரை ஆளே இல்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பார்க்க யாருமில்லை என்ற தைரியத்தில் புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள்.

சோபனா அனுப்பியிருந்த நம்பரில் பேசிப் பிடித்த வீட்டில்தான் தங்கினாள். வீட்டுக்காரர் ரஞ்சித்குமார். தாத்தா காலத்திலேயே அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம். மறுநாள் காலை தோசை வைத்தபடி ஊரைக் கேட்டார்.

"தருமபுரியா? போன வருசம் உங்க ஊர்லருந்து ரெண்டு மேடம் வந்தாங்களே. செம ஜாலியான ஆளுங்க."

போனைத் தேடி எடுத்து நீட்டினார். கடலுக்குள் இடுப்பளவு நீரில், கண்ணம்மாளும் சோபனாவும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படத்தின் மேல் தேதி இருந்தது. காவியா ஆஸ்பத்திரியில் கிடந்ததாகச் சொன்ன அதே வாரம்.

"தெரிஞ்சவங்களா?"

"ஒரே பஸ்ஸுல வர்றவங்க" என்றாள் மிக்கேலம்மாள். தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்துப் போய்க் கண்ணம்மாளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்களும் சோபனாவும் நீல் தீவுக்கு வந்தீங்களா?"

கண்ணம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"மிக்கேலு, டிக்கெட்டு முன்னாடியே போட்டுட்டோம். உங்கூட்டுக்காரரு போயி அப்பத்தான் ஒரு மாசம். உன்னயக் கூட்டிட்டுப் போனா அழுதுகிட்டே இருப்ப, போறதே வீணாயிருமுன்னு சோபனாதான்..."

"போயிட்டு வர்றோம்னு சொல்லியிருந்தா நான் தடுத்திருப்பனா? அந்தப் புள்ளைக்கு ரத்தம் போவுதுன்னு ஏங்க்கா சொன்னீங்க? நான் மாதா முன்னாடி எத்தனை நாள் அழுதேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கண்ணம்மாள் அழ ஆரம்பித்தாள். மிக்கேலம்மாள் போனை வைத்துவிட்டாள். அழ வேண்டியவள் தான்தானே என்று தோன்றியது. ஆனால் அழுகை வரவில்லை. என் துக்கம் அவர்களுக்கு ஒட்டிக்கொள்கிற நோய் மாதிரி இருந்திருக்கிறது என்ற நினைப்பு மட்டும் முள்ளாக நின்றது.

அன்றே கிளம்பிவிடலாமா என்று பார்த்தாள். பிறகு, நான் எதற்கு ஓட வேண்டும் என்று இருந்துவிட்டாள். மீதி நாட்களும் கடலுக்குப் போனாள். இடுப்பளவு நீரில் இறங்கியபோது அந்தப் படமே கண்முன் வந்தது. அவர்கள் நின்ற இடம் இதுவாக இருக்குமோ என்று எரிச்சலுடன் தள்ளிப்போய் நின்றாள். கடைசி நாள்தான் அது கொஞ்சம் மறந்தது.

ஊர் திரும்பிய திங்கட்கிழமை பஸ்ஸில் இருவரும் அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள். மிக்கேலம்மாள் டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தாள். சோபனா எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க நல்லதுக்குத்தாங்க்கா சொன்னேன்... ஊரெல்லாம் எப்படி இருந்துச்சு?"

"நீ பாத்ததுதானே" என்றாள் மிக்கேலம்மாள். "புள்ளைக்குத் தடுப்பூசி போடணும்னா ஊருக்கு வர்றப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாரச் சொல்லு காவியாவ. நான் போட்டு வுடறேன். நீ வராத."