ஏழாவது நட்சத்திரத்துக்கு மேலே ஒரு கோடு

லிட்டிட்ஸ் ஊரில் வெண்டல் கிரோஃப் வீட்டுக்கு நான் போனது கண்ணுக்கு மருந்து விடவும் மாத்திரை கொடுக்கவும்தான். அவருக்கு எண்பத்து நான்கு வயது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒன்றும் தெரியாது, ஓரத்தில் மட்டும் தெரியும். மூன்றாம் வாரத்திலிருந்து அவர் சேர்த்து வைத்திருந்த பழைய நாணயங்களையும் நானே பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

பூட்டுத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் அச்சு செய்தவர். இருநூறு வருடத்துக்கு முந்தைய வெள்ளி அரை டாலர் காசுக்கும் அச்சைக் கையால்தான் செய்தார்கள். அதனால் ஒவ்வோர் அச்சிலும் நட்சத்திரங்கள் சற்றே இடம் மாறியிருக்கும். அதை வைத்துத்தான் வகை பிரிப்பார்கள். 1827-ஆம் வருடத்துக் காசு ஒன்றில், ஏழாவது நட்சத்திரத்திலிருந்து நடுவிலுள்ள பெண் தலையின் தொப்பி வரை அச்சு விரிசல் ஓடுவதாகவும், அதனால் அது மிக அபூர்வ வகை என்றும் 1988-இல் அந்தக் காசின் உறையில் எழுதி வைத்திருந்தார். நாணயச் சங்கத்தில் ஹார்லன் யோடர் ஒருவர்தான் நம்பவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் அதைக் காட்டி ஹார்லனின் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான் இவருக்கு.

"விரிசல் தெரியுதா, ஆர்லின்?"

"கோடு தெரியுது."

"விரிசல்னு சொல்லு. அச்சு பிளந்தா காசுல மேடா விழும்."

விளக்கு இடப்பக்கம் இருந்தது. மேடான நட்சத்திரத்தில் விளக்குப் பக்கம் மினுங்கியது, மறுபக்கம் நிழல். கோட்டில் அப்படியே தலைகீழ்.

"இது மேடு இல்ல, பள்ளம். யாரோ கீறியிருக்காங்க."

"விளக்கைத் தள்ளி வை."

தள்ளி வைத்தேன். ஜன்னலோரம் கொண்டுபோனேன். லென்ஸை மாற்றினேன். காலைச் சாப்பாட்டுக்கு வைத்த முட்டை தட்டிலேயே ஆறிப்போனது.

"நீ ரெண்டு மாசமா காசு பாக்குற. நான் அம்பது வருஷமா பாக்குறேன்."

"இப்போ நீங்க பாக்கல. அதான் தொல்லையே."

"ஹார்லன் உனக்கு என்ன வாங்கிக் குடுத்தான்?"

"ஒரு காப்பி கூட இல்ல. தலையைச் சாயுங்க, மருந்து விடணும்."

அவர் சாயவில்லை. என் கையிலிருந்த காசைப் பிடுங்கினார். நாணயம் சேர்ப்பவர்கள் காசை விளிம்பில் மட்டுமே பிடிப்பார்கள். காசின் முகப்பில் விரல் பட்டால் தரம் போய்விடும். போன வாரம் நான் காசின் அருகில் இருமியதற்கே மதியம் வரை பேசவில்லை. அப்படிப்பட்டவர் கட்டைவிரல் நகத்தை நட்சத்திரத்தின் மேல் வைத்து மெதுவாக இழுத்தார். நகம் ஓரிடத்தில் தடுக்கி நின்றது.

"நகம் உள்ள இறங்குது," என்றார்.

தலையைச் சாய்த்தார். மருந்தை விட்டேன். பிறகு புது உறை எடுக்கச் சொன்னார்.

"சாதா வகைன்னு எழுது. கீறல் இருக்குன்னு எழுது. விரல் பட்டிருக்குன்னும் எழுது."

"யார் விரல்னு?"

"அது வேண்டாம். சனிக்கிழமை அவன் என்ன கேட்டாலும் நீ வாயைத் தொறக்காத. நானே சொல்லிக்கிறேன்."

சொன்னார். கூட்டத்தில் ஹார்லன் லென்ஸை எடுப்பதற்கு முன்பே, "கீறல்தான், விடு," என்று எரிந்து விழுந்தார். வீடு வந்து சேரும்வரை என் காரோட்டலைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.