ஜீப்பில் போன ஜெரேனியம்

மைதீன் பீவி மலைமேல் இருக்கும் போடிமெட்டில் பிறந்தவள். அவளுடைய சின்ன வயதிலேயே தாய் இறந்துவிட்டாள். அத்தா கலீபுல்லா அங்கே ஒரு டீக்கடை வைத்திருந்தார். கடையின் பக்கவாட்டில் ஜெரேனியம் என்ற பூச்செடி வளர்ந்திருந்தது. எஸ்டேட் பங்களாவிலிருந்து யாரோ கிள்ளிவந்து ஊன்றிய தண்டு. குளிர், மூடுபனி, கொட்டுகிற தேயிலைச் சக்கை எதற்கும் அசராமல் சிவப்பாகப் பூத்துக்கொண்டே இருக்கும். அங்கே யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. அவளும்தான்.

1976இல் போடி ஏலக்காய் வியாபாரி குத்புதீனுக்கு வாழ்க்கைப்பட்டு மலையிறங்கினாள். முதல் கோடையில்தான் அந்தச் செடி ஞாபகம் வந்தது. ஒரு தண்டு வரவழைத்தாள். வெட்டுவாயை ஒரு நாள் நிழலில் காயவிட்டு, ஆற்று மணலும் மக்கிய சாணமும் கலந்து, அடியில் ஓட்டை போட்ட எண்ணெய் டின்னில் ஊன்றினாள். தண்ணீரைக் கைப்பிடித்துத்தான் விட வேண்டும். பாசம் மிகுந்து ஊற்றினால் தண்டு அழுகிவிடும். மார்கழியில் பூத்தது. சித்திரையில் செத்தது. அடுத்து வைத்த தண்டுக்கும் அதே கதிதான்.

குத்புதீன் கெட்டவர் இல்லை. மனைவியை மெட்டுக்கு அனுப்ப மட்டும் அவருக்கு நாள் அமையவே இல்லை. சீசனில் "சீசன் முடியட்டும்" என்பார். சீசன் முடிந்தால் அடுத்த சீசனுக்குச் சாக்கு தைக்க வேண்டியிருக்கும். "தாயில்லாத வீட்டுல போய் என்ன செய்யப் போறே?" என்றும் கேட்பார். அவள் கேட்டதெல்லாம் ஒரு மாசம் அத்தாவோடு இருந்துவிட்டு வருவது. மெட்டு என்ன கடல் கடந்தா இருக்கிறது? பெருநாளைக்குப் போய் அன்றே திரும்புவதுதான் அவளுக்கு வாய்த்தது.

மூன்றாவதாக வைத்த தண்டிலும் அடுத்த வருசம் பங்குனி பிறந்ததும் இலை ஓரம் கருகத் தொடங்கியது. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் உக்கிரபாண்டியின் ஜீப்பை வாசலில் நிறுத்தி டின்னைக் கொடுத்தாள்.

"அண்ணே, இதை எங்க அத்தாகிட்டக் குடுத்துருங்க. மழை பேஞ்சு குளுந்ததும் திருப்பிக் கொண்டாங்க."

செடி பிழைத்துக்கொண்டது. ஐப்பசியில் புதுக் கொழுந்தோடு இறங்கிவந்தது. அதன்பின் வருசா வருசம் இதே வழக்கமாகிவிட்டது. எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்கள் டின்னை மடி மாற்றி மடி வைத்துக்கொண்டு போவார்கள். "பொண்ணு ஆத்தா வீட்டுக்குக் கெளம்பிட்டாடி!" என்று அவர்களில் கருத்தம்மா என்பவள் கத்துவாள். ஜீப்பே சிரிக்கும். வாசலில் நிற்கும் மைதீன் பீவியும் சிரிப்பாள். ஜீப் வளைவில் மறையும்வரை அங்கேயே நிற்பாள்.

குத்புதீனுக்கோ அந்தச் செடி மேல் தாங்க முடியாத பெருமை. ஏலக்காய் வாங்க வரும் வெளியூர்க்காரர்களை வீட்டு வாசல்வரை இழுத்துவந்து காட்டுவார். "போடி வெயில்ல இந்தப் பூ எங்க வீட்டுல மட்டும்தான்" என்பார், ஏதோ அவரே தண்ணீர் ஊற்றியது போல.

1982 பங்குனியில், காலையில் மெட்டுக்குப் போன டின் சாயங்காலமே திரும்பி வந்துவிட்டது.

"உங்க அத்தா வாங்க மாட்டேன்னுட்டாரு தங்கச்சி," என்றார் உக்கிரபாண்டி. "'இன்னும் எத்தனை வருசத்துக்குச் செடி மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கிறது? எம்மக கொண்டாந்தா வாங்குறேன், இல்லாட்டி எடுத்துக்கிட்டுப் போ'ன்னு சொல்லிட்டாரு."

போகவும் வரவும் வெயிலில் ஆடியதில் செடி துவண்டு கிடந்தது. அவள் நிழலில் வைத்தாள். கணவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு வாய் அலுத்திருந்தது. அடியிலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. குத்புதீன்தான் டின்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒருநாள் காலை அவரே தெருவுக்கு ஓடி ஜீப்பை மறித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"செடி செத்துரும் போல இருக்கு. நீயே போய்ப் பக்கத்துல இருந்து பாத்துக்க. வெரசா ஏறு."

அவளுக்கு இத்தனை வருசம் கிடைக்காத நாள், ஒரு செடிக்கு ஒரு காலைப்பொழுதில் கிடைத்துவிட்டது. அவளுக்குச் சந்தோசம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஆனாலும் ஏறிக்கொண்டாள். துணிப்பையை அவள் எப்போதோ கட்டிவைத்திருந்தாள்.

கலீபுல்லா டின்னை வாங்கிப் பார்க்காமலேயே கீழே வைத்தார். "மெலிஞ்சுட்டியேம்மா," என்றார். அவள் கடைக்குள் போய் அழுது தீர்த்தாள்.

மெட்டுக் காற்றில் செடி சீக்கிரமே துளிர்த்தது. குத்புதீன் தினமும் ஜீப்பில் சொல்லியனுப்பினார்: செடி எப்படி இருக்கிறது? இலை விட்டதா? கொண்டுவந்துவிடலாமா? வைகாசிக் கடைசியில் சாரல் பிடித்து, போடியிலும் காற்று குளிர்ந்தது. அன்று மைதீன் பீவி டின்னைத் தூக்கிவந்து ஜீப்பின் முன் இருக்கையில் வைத்தாள். இரண்டு கொத்துப் பூ விட்டிருந்தது.

"செடி நல்லாருக்குன்னு சொல்லிக் குடுத்துருங்கண்ணே."

"நீ வரலையா தங்கச்சி?"

"அவரு என்னையக் கேக்கவே இல்லையேண்ணே," என்றாள்.