மாரப்பனுக்கு நாங்கள் வைத்த பேர்

சவுக்குக் கம்பு மனித எலும்பில் விழுந்தால் கதையில் எழுதுகிற மாதிரி 'மடார்' என்றெல்லாம் கேட்காது. ஈரத்துணியைக் கல்லில் அடித்தது போல மந்தமாக ஒரு 'தொப்', அவ்வளவுதான், அதற்கப்புறம்தான் அடிபட்டவர் அலறுவார். இதை நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, சோமனூருக்குப் பக்கத்தில் ஒரு கபடி மைதானத்தில், பத்தடி தூரத்தில் நின்று தெரிந்துகொண்டேன். ஒவ்வோர் அடிக்கும் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அடித்தார்கள். 'பிராடு', 'பிராடு', 'பிராடு'. அடித்தவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் பெயரை இங்கிலீஷில் எழுதத் தெரியாது.

இன்றைக்கு நான் கோயமுத்தூரில் வக்கீல். அந்த வார்த்தையை எழுதாமல் எனக்கு ஒரு வாரம் போகாது. ஒருநாள் எரிச்சல் தாங்காமல் பெரிய அகராதியை இறக்கி வைத்து அதன் பூர்வீகத்தைத் தேடினேன். லத்தீனில் பிறந்து, பிரெஞ்சுக்காரர்கள் வாய்வழியாக இங்கிலாந்துக்குப் போய், சட்டப் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. முதலில் செயலுக்குத்தான் அந்தப் பேர். பிறகு செய்கிற ஆளுக்கே அதை வைத்துவிட்டார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இரண்டாவதுதான் பிடித்தது. சீட்டுப் பிடித்துவிட்டு ஓடியவனும் 'பிராடு'. வருகிறேன் என்று சொல்லி வராத தையல்காரரும் 'பிராடு'. புதிதாகக் கல்யாணமானவள் புருஷனைக் கிள்ளி "செரியான பிராடுங்க நீங்க" என்று கொஞ்சினாலும் அதே வார்த்தைதான். ஆனால் லத்தீனில் அதற்கு வஞ்சகம் என்பதோடு கெடுதல், தீங்கு என்றும் பொருள் இருந்ததாம். அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு எந்த அகராதியும் வேண்டியதில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கபடியில் ஒரு வழக்கம் இருந்தது. எதிராளி பாடிக்கொண்டு வந்து தொட்டுவிட்டால், தொட்டவள் சொல்லக் கூடாது. அம்பயர் விசில் அடிக்கும்வரை காத்திருக்கவும் கூடாது. பட்டவள் தானாகக் கையைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போக வேண்டும். சந்தேகம் வந்தால் அம்பயர் பட்டவளைத்தான் கேட்பார், அவள் சொல்வதுதான் தீர்ப்பு. "பொய் சொல்லி ஜெயிச்ச கோப்பையில தண்ணி குடிச்சா வயித்துல நிக்காது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு நன்றாகவே நின்றது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்பயர் மாரப்பன் எங்கள் ஊர்க்காரர், தறி ஓட்டுகிறவர். பாவில் அறுந்த நூலை, தறியை நிறுத்தின வேகத்தில் கண்ணுக்குத் தெரியாமல் முடிச்சுப் போட்டுவிடுவார் என்று பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களுக்கு ஆட்டம் பழக்குவார். என் அப்பாவுக்கு அது ஆகாது. பொட்டப்புள்ளை தொடை தெரிய ஆடுவதா என்று சைக்கிள் டியூபால் என்னை வீங்க வீங்க அடித்தவர், பக்கத்து ஊரோடு நடந்த இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், "நாளைக்கு ஜெயிச்சியா, ஆடிக்கோ. தோத்தியா, அதோட காலை ஒடச்சு அடுப்புல வெச்சுப்போடுவேன்" என்றார். அவர் சொன்னால் செய்கிறவர். எனக்கோ அந்த மைதானத்தைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் பிடிக்காது.

ஆட்டம் கடைசியில் இரண்டு பேரில் வந்து நின்றது. எங்கள் பக்கம் நான் ஒருத்தி, பக்கத்து ஊர்ப் பக்கம் செல்வி என்று என் வயதுக்காரி ஒருத்தி. யார் அவுட்டோ அந்த ஊர் தோற்றது. செல்வி பாடிக்கொண்டு வந்தாள், நான் உடம்பை வளைத்தேன், அவள் விரல் நுனி என் இடது தோளில் பட்டது. நன்றாகப் பட்டது. நகம்கூடக் கீறியது. அவள் கோட்டைத் தாண்டித் திரும்பிப் போய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையைத் தூக்கவில்லை.

மாரப்பன் வந்து, "அம்மணி, பட்டுச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

அவர் சித்த நேரம் அப்படியே நின்றார். பிறகு ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். அடுத்து நான் பாடிக்கொண்டு போனேன். செல்வி அழுதுகொண்டிருந்தாள், அழுகிறவளின் முழங்காலைத் தொடுவது பெரிய வித்தையா? தொட்டுவிட்டு ஓடிவந்தேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டே கையைத் தூக்கினாள், தானாக வெளியே போனாள். அட சண்டாளி, அந்த இடத்திலாவது எனக்கு வாய் திறந்திருக்கக் கூடாதா!

அதற்குள் அவர்கள் ஊர் ஆண்கள் எல்லைக் கயிறு கட்டியிருந்த சவுக்குக் கம்புகளைப் பிடுங்கிவிட்டார்கள். பெண்பிள்ளையை அடிக்க முடியாது, அம்பயரை அடிக்கலாம். முதல் அடி முதுகில் விழுந்தது, அடுத்தது காதோரம். கீழே விழுந்தவரின் வெள்ளைச் சட்டை சிவந்தது. ஒருவன் செருப்புக் காலால் அவர் வலது கையை மிதித்துத் திருகினான், சிகரெட்டை அணைப்பது போல. எங்கள் ஊர்க்காரர்கள் கல்லோடு ஓடினார்கள், இரண்டு மண்டை உடைந்தது, யாரோ ஒருவரின் பல் என் காலடியில் வந்து விழுந்தது. நான் பரிசுக்கு வைத்திருந்த எவர்சில்வர் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மாரப்பனின் இரண்டு விரல்கள் கோணலாகவே கூடின. நூல் முடிச்சு விழவில்லை. தறி முதலாளி வேறு ஆள் வைத்துக்கொண்டார். எங்கள் ஊரே ஆறு மாதத்தில் கட்சி மாறியது. "நெருப்பில்லாம பொகையுமா? அந்த ஊர்க்காரனுக சும்மாவா அடிப்பானுக?" என்று டீக்கடையில் பேச ஆரம்பித்து, கடைசியில் அவருக்குப் 'பிராடு மாரப்பன்' என்றே பேராகிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பிள்ளைகள் அவர் வீட்டு வாசலில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கத்திவிட்டு ஓடுவோம். ஓடுவோம் என்றுதான் எழுதியிருக்கிறேன், தப்பாக எழுதவில்லை. நான்தான் எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்துவேன். கத்தாவிட்டால் சந்தேகம் வருமே என்ற பயம். எத்தனை ஈனப் பிறவி!

அந்த மைதானத்தில் இப்போது தானியங்கித் தறிக் கூடங்கள் நிற்கின்றன. கபடியும் மண்ணை விட்டு ரப்பர் விரிப்புக்கு ஏறிவிட்டது. பட்டதா படவில்லையா என்று கேமரா பார்த்துச் சொல்கிறது. பட்டவளையே கேட்கிற வழக்கம் ஒழிந்தது. என்னைப் போல நாலு பேர் ஆடினால் ஒழியாமல் என்ன செய்யும்?

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் காரை நிறுத்தப் போனபோது, வண்டிகளுக்கு இடம் காட்டிக்கொண்டு நின்றவர் மாரப்பன். அந்தக் கோணல் விரல்களால்தான் காரைப் பின்னால் எடுக்கச் சொன்னார். இறங்கி, நான் யார் என்று சொல்லி, அன்றைக்கு என் தோளில் பட்டது என்பதையும் சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று கேட்பார், செருப்பைக் கழற்றுவார் என்று நினைத்தேன்.

"தெரியும் அம்மணி, நான் பார்த்தனே" என்றார். "நீ கையத் தூக்குவீன்னு நின்னு பார்த்தேன். பட்டவதான சொல்லோணும், நான் எப்படிச் சொல்றது? எங்கிட்ட எதுக்கு இப்பச் சொல்றே? எம்பட பையங்கிட்டச் சொல்லு. அவன் எங்கூடப் பேசறதில்லை."

பையன் சண்முகம் சூலூர்ப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். மறுநாளே போனேன். தோளில் பட்டதிலிருந்து வாசலில் கத்தியதுவரை ஒன்று விடாமல் சொன்னேன். அவன் செம்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பத்தாவது படிக்கறப்பங்க," என்றான், "பள்ளிக்கோடத்துல எல்லாரும் அந்தப் பேரச் சொல்லிச் சிரிச்சாங்க. நேரா ஊட்டுக்கு வந்து, நானும் அதே பேரச் சொல்லி எங்கப்பனை அடிச்சுப்போட்டனுங்க. கீழ தள்ளி மிதிச்சனுங்க. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுலீங்க அவரு."