வடக்கு பார்க்கத் தெரிந்த வேம்புலி

வேம்புலிக்குப் பத்தாம் வகுப்பு கைகூடவில்லை. ஆனால் பாறையில் வடக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக் கோடு போடுவதில், ஆவடிக்குப் பக்கத்திலிருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது. பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டவர்கள்கூட, "வேம்புலி வரட்டும்" என்று கொளுத்துகிற வெயிலில் காத்துக்கிடப்பார்கள்.

அந்த நிலையத்தில் இரண்டு வேலை நடந்தது. மொட்டை மாடியில் ஒரு கருவி, காற்றில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று ராப்பகலாக அளந்துகொண்டிருக்கும். கீழே பாறைகளின் காந்தத்தை அளப்பார்கள். குழம்பாகக் கொதித்த பாறை ஆறி இறுகும்போது, அன்றைக்குப் பூமியின் வடக்கு எங்கே இருந்ததோ அதைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். கோடிக்கணக்கான வருஷம் போனாலும் விடாது. அதைப் படிக்க வேண்டுமானால், பாறையில் துளை போட்டு விரல் நீளத் துண்டை வெளியே எடுப்பதற்கு முன்பே, இன்றைய வடக்கைக் காட்டி அதன்மேல் ஒரு கோடு போட்டாக வேண்டும். கோடு கோணினால் மொத்தமும் குப்பை. அந்தக் கோடுதான் வேம்புலியின் வேலை.

திசைகாட்டியின் பக்கத்தில் இரும்போ காந்தமோ வரக்கூடாது. அதனால் பெல்ட், சாவிக்கொத்து, செல்போன் எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு பையில் போட்டு ஜீப்புக்கு அனுப்பிய பிறகுதான் திசைகாட்டியையே வெளியில் எடுப்பார். ஒருமுறை இயக்குநர் சண்முகசுந்தரத்தின் பெல்ட்டையும் கழற்ற வைத்துவிட்டார். பாவம், அந்த மனிதர் அன்று முழுக்க ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே மலை ஏறினார்.

இப்படிப் பத்தொன்பது வருஷம் ஓடியும் வேம்புலி தினக்கூலிதான். போன வருஷம்தான் நிரந்தரம் ஆக்கும் பேச்சு வந்தது. கோப்பில் பெயர் ஏறிவிட்டது, தை மாதம் உத்தரவு வரும் என்றார்கள். வாழ்க்கையில் அவர் வேறு எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

பாறைப் பிரிவின் விஞ்ஞானி கிருஷ்ணப்பிரியா. நூம்பலில் பரம்பரையாக நிலபுலம் வைத்திருந்த குடும்பத்துப் பெண். வேம்புலியின் அப்பா அப்படிப்பட்டவர்களின் வயலில் கூலிக்கு வரப்பு வெட்டியவர். அந்த வீட்டுப் பெண் வேம்புலியை "அண்ணா" என்று கூப்பிட்டாள். வேப்பம்பட்டில் இருந்த அவர் வீட்டுக்கு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் மனைவி பொன்னியம்மாவிடம் மீன்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மனுஷன் உருகிப் போனார். உருகாமல் என்ன செய்வார்?

அந்த ஆடியில் வேம்புலி தீ மிதிக்க வேண்டிக்கொண்டு அம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டார். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் பத்து நாளைக்கு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தலை போகிற காரியமானாலும் யாரும் தாண்டமாட்டார்கள். கிருஷ்ணப்பிரியாவுக்கோ அவசரம். திருத்தணிக்கு அப்பால் ஒரு கல்குவாரிக்கு வாடகை வண்டியில் போய், அங்கிருந்த ஆட்களை உதவிக்கு வைத்துக்கொண்டு நாற்பது துண்டு எடுத்து வந்தாள். தீமிதி முடிந்த மறுநாள், ஒவ்வொரு துண்டின் கோட்டையும் குறித்து வைக்கும் களப் புத்தகத்தோடு வேப்பம்பட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, இதுல ரெண்டு பேர் கையெழுத்து இருக்கணும்னு ரூல். கோடு நீங்க போட்டதா ஒரு கையெழுத்து போட்டுடுங்களேன்."

"நான் வரவே இல்லியேமா. எப்பிடிமா போட்றது?"

"யார் பார்க்கப் போறாங்க? அந்தப் பத்து நாளும் உங்களுக்கு நான் பிரசன்ட் போட்டுட்டேன். எங்க அண்ணனுக்கு ஆப்சென்ட் போட எனக்கு மனசு வருமா?"

பொன்னியம்மா அடுப்படியிலிருந்து முறைத்தாள். வேம்புலி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல, நாற்பது இடத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

கார்த்திகையில் குட்டு உடைந்தது. கிருஷ்ணப்பிரியாவின் கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகை திருப்பி அனுப்பியது. ஒரே பாறையில் எடுத்த நாற்பது துண்டும் ஆளுக்கொரு திசையைக் காட்டினால் யார்தான் நம்புவார்கள்? நிலையத்தில் விசாரணை வைத்தார்கள்.

"கோடு போட்டது அவர்தான் சார். நான் குறிப்பு மட்டும்தான் எழுதினேன்" என்றாள் கிருஷ்ணப்பிரியா. "வயசாகுது. கவனம் குறைஞ்சிருக்கும்."

வேம்புலி குனிந்து பார்த்தார். மேஜைமேல் குவாரியில் எடுத்த புகைப்படங்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் திசைகாட்டி, அதன்மேல் செல்போனின் நிழல். அவளுடைய செல்போன் உறை காந்தத்தில் மூடுகிற உறை. நடந்தது இன்னதென்று அவருக்கு நொடியில் விளங்கிவிட்டது.

"சார், அந்த செல்போன் ஒறையில காந்தம் கீது சார். முள்ளுக்கு மேலயே புட்ச்சிகினு போட்டோ எட்த்துகீறாங்க. முள்ளு எப்பிடி சார் நிக்கும்? நான் அன்னிக்கு அங்க இல்லவே இல்ல. காப்பு கட்டிகினு ஊர்லதான் இர்ந்தேன்."

சண்முகசுந்தரம் களப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "அப்போ இந்தக் கையெழுத்து?"

"அவுங்கதான் சார் ஊட்டுக்கு வந்து கேட்டாங்க."

"நானா?" என்றாள் கிருஷ்ணப்பிரியா. "யார் எதிர்ல கேட்டேன்?"

"என் பொஞ்சாதி எதிர்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். பத்து நாளும் அவர் வேலைக்கு வந்ததாகவே இருந்தது. வந்தார் என்றால் கோட்டைக் கெடுத்தவர். வரவில்லை என்றால் பொய்க் கையெழுத்துப் போட்டவர். எப்படிப் புரட்டினாலும் வேம்புலிதான் மாட்டினார். கோப்பிலிருந்து பெயரை எடுத்தார்கள். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில் கிருஷ்ணப்பிரியா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இந்தப் ப்ராஜக்ட் போச்சுன்னா என் வேலையும் போயிடும். உங்களுக்கு வேற இடத்துல சொல்லி வைக்கிறேண்ணா."

வேலை போனதைவிட, இந்த வாய் இன்னமும் அண்ணா என்றதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"இனிமே என்ன அண்ணான்னு கூப்புடாதமா. பேரச் சொல்லியே கூப்புடு."

அவள் மாட்டேன் என்பாள், அழுவாள், உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிட்டு வருவாள் என்று அந்த நிமிஷத்திலும் வேம்புலிக்கு ஒரு நப்பாசை இருந்தது.

"சரி வேம்புலி" என்றாள்.