மண்டபத்திலிருந்து விழுந்த ஓட்டுகள்

நடந்தது இவ்வளவுதான்:

1. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் தார்ப்பாய் தயாரிக்கும் ஒரு கம்பெனி, தன் அடுத்த தார்ப்பாய் எப்படி இருக்க வேண்டும் என்று இணையத்தில் பொதுமக்களிடம் யோசனை கேட்டது.
2. நான் ஒரு யோசனை அனுப்பினேன்.
3. அதிக ஓட்டு வாங்கும் யோசனையை அனுப்பியவருக்கு அவர்களுடைய வடிவமைப்புப் பிரிவில் வேலை என்றார்கள்.
4. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.
5. அம்மா உதவி செய்தார்.

நான் மெக்கானிக்கல் படித்தவள். திண்டிவனத்தில் ஒரு டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் புக்கிங் பார்க்கிறேன். போனை எடுப்பது, தேதி கொடுப்பது, அந்தத் தேதியில் வண்டி ஏன் தயாராகவில்லை என்று விளக்குவது. படித்தது எதுவும் இதுவரை தேவைப்படவில்லை.

எங்கள் ஒலக்கூர் பக்கம் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, தார்ப்பாயில் கொட்டிக் காயப்போடுவார்கள். மழை வந்தால் நாலு பேர் நாலு மூலையைப் பிடிக்க வேண்டும். மழை வரும் நேரத்தில் வீட்டில் ஒருவர்தான் இருப்பார். அதனால் என் யோசனை: ஓரம் முழுக்க வளையம் தைத்து, அதற்குள் ஒரே கயிறு. இழுத்தால் சுருக்குப் பை மாதிரி மல்லாட்டையோடு சேர்ந்து மூடிக்கொள்ளும். பெரிய தார்ப்பாய்க்கு இரண்டு கயிறு வேண்டும், அதையும் எழுதியிருந்தேன்.

கம்பெனிகள் இப்படி வெளியே கேட்பதில் நியாயம் இருக்கிறது. உள்ளே இருக்கும் யாரும் மல்லாட்டை காயப்போடுவதில்லை. கேட்பதற்குச் செலவும் குறைவு. யோசனை நன்றாக இல்லையென்றால் யாரையும் வேலையை விட்டு அனுப்ப வேண்டியதில்லை.

ஓட்டுப் போட போன் நம்பர் கொடுக்க வேண்டும், ஓ.டி.பி. வரும். இங்கேதான் சிக்கல். அம்மா எங்கள் மாதா கோயில் மாதர் சங்கத்தின் தலைவி. கொஞ்ச காலமாக ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரே வாக்கியத்தில்தான் முடிக்கிறார்: "யாரு கேட்டாலும் ஓ.டி.பி. குடுக்காதீங்க. நானே கேட்டாலும் குடுக்காதீங்க."

பெண்கள் அதைக் கடைப்பிடித்தார்கள். எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் முதலில் போனேன்.

"உங்கம்மாவே கேட்டாலும் குடுக்கக் கூடாதாம். நீ அவங்க பொண்ணுதானே?"

"எனக்குக் குடுக்க வேணாம் ஆன்ட்டி. நீங்களே உங்க போன்ல போட்டுக்கலாம்."

"ஏமாத்துறவனுங்களும் அப்படித்தாம்மா ஆரம்பிப்பானுங்க."

அம்மாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் இல்லை, பெருமைதான். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் சங்கத்துப் பெண்கள் ஐம்பது பேரையும் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்து, மைக்கைப் பிடித்தார்.

"அவங்கவங்க போனு, அவங்கவங்க வெரலு. பக்கத்துல இருக்கறவங்களுக்குக்கூட நம்பரக் காட்டக் கூடாது."

"படிச்சுட்டுப் போடணுமா, சும்மா போடலாமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"படிச்சுட்டுத்தான். இது என்னா எலெக்‌ஷனா?"

"அப்ப டீ உண்டா இல்லியா?"

"வந்துக்கினு இருக்கு. ஜல்தியா போடுங்க."

மண்டபத்துக்குள் எஸ்.எம்.எஸ். வரும், நெட் எடுக்காது. ஃபாதர் மண்டபத்தின் வைஃபை பாஸ்வேர்டைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். எல்லாரும் படித்தார்கள், போட்டார்கள், டீ குடித்தார்கள். அன்று மாலை என் யோசனை முதலிடத்தில் இருந்தது. விழுப்புரத்துக்குக் காலையில் என்ன ரயில் இருக்கிறது என்று பார்த்துவைத்தேன்.

இரண்டு நாளில் மெயில் வந்தது. ஒரே இணைய இணைப்பிலிருந்து, ஒரே நேரத்தில் விழுந்த ஓட்டுகளைப் போலி என்று நீக்கிவிட்டார்களாம். கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"எல்லாம் ஒரே எடத்துலேர்ந்து வந்திருக்கு மேடம்," என்றார் போனை எடுத்தவர்.

"எல்லாரும் ஒரே இடத்துலதான் சார் உக்காந்திருந்தாங்க. அம்பது பேரும் நிஜ ஆளுங்க."

"இருக்கலாம் மேடம். எங்களுக்கு நெறைய பேர் வேணும். ஆனா சேர்ந்து வரக் கூடாது."

"மறுபடி அவங்கவங்க வீட்லேர்ந்து போடச் சொல்லட்டுமா?"

"ஒரு நம்பருக்கு ஒரு ஓட்டுதான் மேடம். அவங்க ஏற்கெனவே போட்டுட்டாங்க."

கோயிலில் இருந்த எல்லா நம்பரும் செலவாகிவிட்டது. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அவங்கவங்க ஓ.டி.பி.ய உங்கிட்ட சொல்லி, நீ ஒவ்வொரு தெருவா போய் போட்டிருந்தா?"

"அந்த ஓட்ட எடுத்துக்கிட்டிருப்பாங்க."

"நல்லா இருக்குடி உங்க கம்பெனி," என்றார். கம்பெனி அப்போதும் என்னுடையது இல்லை.

அடுத்த கூட்டத்தையும் அம்மா அதே வாக்கியத்தில்தான் முடித்தார். விதியைத் தளர்த்தச் சொல்லி நானும் கேட்கவில்லை. அது சரியான விதி.

போட்டி முடிந்துவிட்டது. வேலை வேறொருவருக்குப் போனது. அனுப்பிய யோசனை எதுவானாலும், தோற்றாலும், கம்பெனிக்கே சொந்தம் என்று நிபந்தனையில் இருக்கிறது. என்னுடையதைச் செய்வார்களா என்று தெரியவில்லை. நான் டிராக்டர் ஷோரூமில்தான் இருக்கிறேன்.