வடதுருவத்துக்குப் போய்த் தூங்கிய மனுஷன்

என் வீட்டுக்காரர் வடதுருவத்துப் பக்கம் போகிற சுற்றுலாக் கப்பலில் சமையல்கட்டில் காய் நறுக்குகிறார். பனிக்கரடி பார்க்கவும் பனிமேல் நடக்கவும் பணக்காரர்கள் வருகிற கப்பல் அது. ராயபுரத்தில் இதைக் கேட்டவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து வயிறெரிந்தார்கள். நானோ அவரைப் பார்த்து வயிறெரிந்தேன்.

நான் காசிமேட்டில் இறால் உரிக்கிறேன். நாள் முழுக்க ஐஸில் கை கிடந்து விரல் மரத்துப்போகும். உலகத்து ஐஸெல்லாம் கிடக்கிற இடத்துக்குப் போன மனுஷனோ போனில் வெங்காயத்தைப் பற்றித்தான் பேசுவார். அங்கே கோடையில் சூரியன் மறையாதாமே, எப்படி இருக்கும் என்று ஆசையாகக் கேட்டேன். தூக்கமே வரவில்லை, ஜன்னலில் துண்டைத் தொங்கவிட்டிருக்கிறேன் என்றார். அடப்பாவி, இந்த ஆளுக்கா கடவுள் இந்த வேலையைக் கொடுத்தார்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டு, கரடியைப் பார்த்தாரா என்று கேட்பார்கள். யூடியூபில் நான் பார்த்ததையெல்லாம் அவர் பார்த்ததாக அளந்துவிடுவேன். ஆறாவது படிக்கிற என் மகள் பக்கத்தில் நின்று முறைப்பாள்.

கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு சலுகை உண்டு. ரப்பர் படகில் இடம் இருந்தால், முறை வைத்து அவர்களையும் கரையில் இறக்கிக் காட்டுவார்கள். உன் முறை எப்போது, எப்போது என்று நான் அவரை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். ஒருவழியாக வந்தது. அன்றைக்கு ஒரு போட்டோ அனுப்பினார். பனிமேல் சிவப்பு ஜாக்கெட் போட்டு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவரைத் தேடித் தேடிப் பார்த்தேன், காணோம்.

உடனே போன் போட்டேன். கால் வலி, என் முறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன் என்றார், பஸ்ஸில் சீட்டு விட்டுக்கொடுத்த மாதிரி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணமாகி வேளாங்கண்ணியைத் தாண்டாதவள் நான். அவர் அங்கே ஓர் எட்டு வைத்திருந்தால் நானே வைத்த மாதிரி இருந்திருக்கும். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனை வைத்தேன்.

அப்புறம் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் ஒருத்தி, என் வயசுதான் இருக்கும், என்னைப் போலவே குள்ளம். ஜாக்கெட் முழங்கால் வரை தொங்குகிறது. கையை விரித்துக்கொண்டு அப்படியொரு சிரிப்பு. பின்னால் ஒரு கரடி வந்து நின்றால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன், மாதா மன்னிக்கட்டும்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். முதலில் அந்தப் பெண் யார் என்றுதான் கேட்டேன். அவளுக்குத்தான் தன் முறையைக் கொடுத்தாராம். கப்பலில் துணி துவைக்கிற இடத்தில் வேலையாம். அதற்கு எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்றேன். அதெல்லாம் உனக்கு எதற்கு என்றார். திரும்பவும் கேட்டேன். பத்தாவது போதும் என்று முனகினார். நான் பன்னிரண்டாவது பாஸ் செய்தவள்.

"இத்தினி நாளா ஏன்யா சொல்லல?"

"சொன்னா நீ கெளம்பிடுவேன்னு தெரியும். அதான் சொல்லல."

நான் மறுக்கவில்லை.

"நீ வந்துட்டா பாப்பாவ யாரு பாத்துப்பா?" என்றார்.

"நீதான், வேற யாரு?" என்றேன்.